சீலன்ட் ஊற்றியும் காற்றுப் போகிறதா, சில்லு உதறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டயர் சீலன்ட் ஒரே ஒரு வேலையைத்தான் வடிவாகச் செய்யும். டயரின் தரையில் படும் பகுதியை முள்ளோ சிறு ஆணியோ துளைத்தால், அந்தத் துளையை உள்ளிருந்து அடைக்கும். சில்லு சுழலும்போது திரவம் வெளிப்பக்கமாக வீசப்பட்டு, அந்தப் பகுதியின் உட்புறத்தில் படலமாகப் பரவி நிற்கிறது. துளை விழுந்தவுடன் வெளியேறும் காற்று, திரவத்தையும் அதில் கலந்துள்ள நாரையும் ரப்பர்த் துகள்களையும் துளைக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. அவை சிக்கி இறுகிக் கொள்கின்றன. வால்வின் அடி, ரிம்மைக் கவ்வும் விளிம்பு, டயரின் பக்கவாட்டு ஆகியவை அந்தப் படலம் நிற்கும் இடங்கள் அல்ல. போத்தல் வாங்கியவர் "இதையும் ஊற்றினேன், இன்னும் காற்றுப் போகிறதே" என்று சொல்லும்போது, காற்றுப் போகும் இடம் எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

சில்லை பேலன்ஸ் செய்யவும் இதுவே போதும் என்று சில போத்தல்களில் எழுதியிருக்கும். அதை நம்பி, எடையைச் சமப்படுத்த ரிம்மில் போட்டிருக்கும் ஈயத் துண்டுகளைக் கழற்றி விடாதீர்கள். காரணம் உதறல் பற்றிய பகுதியில் வருகிறது.

முதலில்: ஊற்றியது எது, எவ்வளவு?

கடையில் கிடைப்பவை மூன்று வகை. கிளைக்கோல் கலந்த தடித்த நார்த் திரவம் ஒன்று. இது தண்ணீரில் கரையும், டயருக்குள் நீண்ட காலம் ஈரமாக இருக்கும். பாற்சாறு, அதாவது லேடெக்ஸ் வகை இரண்டாவது. துளையில் நன்றாக உறைந்து பிடிக்கும், ஆனால் எமது வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும். மூன்றாவது, அவசரத்துக்கு அடிக்கும் டின். அது வீடு சேர்க்க மட்டுமே. பெரும்பாலானவற்றில் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம், கெதியாக டயரைத் திருத்துங்கள் என்று எழுதியிருக்கும். ஒரு வகை இருக்கும் டயருக்குள் இன்னொரு வகையை ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் கட்டி கட்டியாகத் திரளக்கூடும்.

அளவு பெரும்பாலும் இப்படி வரும்: சைக்கிள் டியூப் 100 முதல் 120 மில்லிலீற்றர், 10 அங்குல ஸ்கூட்டிச் சில்லு 200 முதல் 250, 17 அங்குல மோட்டார் சைக்கிள் முன்சில்லு 200 முதல் 250, பின்சில்லு 300 முதல் 350, ஆட்டோவின் 4.00-8 டயர் 200 முதல் 250. சிறிய காருக்கு 400 முதல் 500. போத்தலில் வேறு அளவு இருந்தால் போத்தலையே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு வராது. மீதமாகும் திரவம் நின்ற இடத்தில் தேங்கும், உதறலைக் கொண்டுவரும். குறைத்து ஊற்றினால் படலம் முழுச் சுற்றளவுக்கும் எட்டாது.

ஊற்றும் முறை சுருக்கமாக:

1. வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். பாரம் சில்லில் இருக்கும்போது முழுக் காற்றையும் விட்டால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.
2. வால்வு மணிக்கூட்டின் 4 அல்லது 8 இலக்கம் இருக்கும் இடத்தில் நிற்கும்படி சில்லைத் திருப்புங்கள்.
3. வால்வுக்குள் இருக்கும் ஊசியைச் சாவியால் கழற்றுங்கள். காற்று வேகமாக வரும், ஊசி பறந்து போகாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. போத்தலை ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். நார் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் டயருக்குத் தண்ணீரும் அடுத்த டயருக்குச் சேறும்தான் போகும்.
5. அளவு பார்த்து ஊற்றி, வால்வின் உட்சுவரைத் துணித் திரியால் துடைத்து, ஊசியைப் போட்டு, உரிய அளவுக்குக் காற்று அடியுங்கள்.
6. தாமதிக்காமல் 5 முதல் 10 கிலோமீற்றர் தூரம், 30 – 40 வேகத்தில் ஓடுங்கள்.

கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊற்றிவிட்டு வண்டியை இரவு முழுக்க நிறுத்தினால் படலம் பரவுவதே இல்லை.

அறிகுறி: ஆணி, முள் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை காற்று இறங்குகிறது

மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ இறங்குவது இயல்பு. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம். அளப்பதைக் காலையில், வண்டி ஓட முன்னர் செய்யுங்கள். காலையில் 28 பி.எஸ்.ஐ இருந்த டயர், பகல் வெயிலில் உள்காற்று 45 பாகை வரை சூடேறினால் 31 வரை காட்டும். மத்தியானம் அளந்து "கூடிவிட்டது" என்று காற்றைத் திறந்து விட்டவர், மறுநாள் காலை "காற்றுப் போகிறது" என்று நினைப்பார்.

உண்மையாகவே போகிறது என்றால் சவர்க்கார நீர்தான் முதல் கருவி. ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி கலந்து, பிரஷால் இந்த ஒழுங்கில் தடவுங்கள்: வால்வின் வாய், வால்வின் அடி, ரிம் விளிம்பின் இரு பக்கமும் முழுச் சுற்று, கடைசியாகத் தரை படும் பகுதி. மெல்லிய கசிவில் குமிழி எழ இரண்டு மூன்று நிமிடமாகும். பொறுத்துப் பாருங்கள்.

வால்வின் வாயில் குமிழி வந்தால் ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். சீலன்ட் நார் ஊசியின் இருப்பிடத்தில் சிக்கியிருக்கும். துடைத்துப் போட்டாலும் மறுபடியும் கசியும். மலிவான பொருள்தான், மிச்சம் பிடிக்க வேண்டாம். வால்வின் அடியில் குமிழி வந்தால் ரப்பர்த் தண்டை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புகள் தெரிந்தால் முழு வால்வையும் மாற்ற வேண்டும்.

ரிம் விளிம்பில் குமிழி வருவது எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் அடிக்கடி வரும் தொல்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் என்று கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று அலுமினிய ரிம்மின் விளிம்பில் வெள்ளைப் பொடியைக் கிளப்பிவிடும். இரும்பு ரிம்மில் துருப் பொருக்கு எழும். டயர் விளிம்பு அந்தப் பொடியின் மேல் உட்கார்ந்திருப்பதால் இடுக்கு வழியே காற்று நழுவும். சில்லு சுழலும்போது சீலன்ட் அந்த இடத்தை எட்டுவதே இல்லை. எத்தனை போத்தல் ஊற்றினாலும் பலன் இராது. செய்ய வேண்டியது இதுதான்: டயர் விளிம்பை ரிம்மிலிருந்து கழற்றி, கம்பிப் பிரஷால் பொடியைச் சுரண்டி, 240 இலக்க உப்புத்தாளால் மழுப்பி, உலர்த்தி, விளிம்புக்கென்றே விற்கும் பூச்சை மெல்லியதாகத் தடவி, சவர்க்கார நீர் பூசி, காற்று அடித்து உட்கார வைப்பது. "டப்" என்ற சத்தம் இரு பக்கமும் கேட்க வேண்டும். 40 பி.எஸ்.ஐ வரையும் உட்காராவிட்டால் அதற்குமேல் ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி, மீண்டும் நீர் பூசி முயலுங்கள். அழுத்தம் கூட்டிக்கொண்டே போனால் விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். கை, முகம் போகும் விபத்து அது.

குழியில் விழுந்து ரிம் நெளிந்திருந்தால் குமிழி ஒரே இடத்தில் மட்டும் வரும். அது நிமிர்த்தல் வேலை.

அறிகுறி: ஆணியைப் பிடுங்கினேன், திரவம் பீச்சுகிறது, நிற்கவில்லை

திரவம் வருவது நல்ல அடையாளம். உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது. துளையைத் தரைப் பக்கம் வரும்படி, அதாவது அடியில் நிற்கும்படி சில்லைத் திருப்பி அரை நிமிடம் வையுங்கள். திரவம் அங்கே தேங்கித் துளையை நனைக்கும். பிறகு சில்லைச் சுழற்றுங்கள். நின்றால் காற்றை மீண்டும் உரிய அளவுக்கு அடித்து, மெதுவாக 3 – 4 கிலோமீற்றர் ஓடி, மறுபடி அளந்து பாருங்கள்.

நிற்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. ஆணி தடிப்பு: 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துளைக்கு நார் போதாது. இரண்டரை அங்குல ஆணி சுமார் 3 மில்லிமீற்றர்தான், அது பெரும்பாலும் அடைபடும். கூரைத் தகட்டுத் திருகாணி, உடைந்த போத்தல் துண்டு போன்றவை அடைபடாது. துளை சரிவு: ஆணி சாய்வாக ஏறியிருந்தால் வெட்டு நீளமாக இருக்கும். காற்று முன்பே இறங்கியிருந்தது: 10 பி.எஸ்.ஐக்குக் கீழே போனால் நாரைத் துளைக்குள் தள்ள விசை இருக்காது. முதலில் காற்று அடித்துவிட்டுச் சில்லைச் சுழற்ற வேண்டும்.

திரவமே வராமல் காற்று மட்டும் வந்தால், உள்ளே சீலன்ட் காய்ந்துவிட்டது. வால்வை மேலே திருப்பி, காற்றை விட்டு, ஊசியைக் கழற்றி, பிறகு வால்வை அடிக்குத் திருப்பி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டி ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். நனைந்து வந்தால் இருக்கிறது. உலர்ந்து வந்தால் இல்லை. லேடெக்ஸ் வகையை இரண்டு மாதத்துக்கொருமுறையாவது இப்படிப் பார்ப்பது நல்லது.

ஓட்டை பக்கவாட்டில் இருந்தால் நேரம் செலவிடாதீர்கள். அந்தப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அடைப்பு எதுவும் தங்காது. டயரை மாற்ற வேண்டும்.

அறிகுறி: நின்றது, மறுநாள் அதே இடத்தில் மீண்டும் கசிகிறது

முள்ளின் நுனி உள்ளே முறிந்து நிற்கிறதா என்று பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி வயல் பாதைகளில் ஓடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வேலிக்கு வெட்டிப் போட்ட உடை முள்ளும் ஈச்ச முள்ளும் ரப்பருக்குள் முறிந்து, வெளியே கருப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். சில்லு தரையில் அழுந்தும் ஒவ்வொரு முறையும் அந்த நுனி அசைந்து அடைப்பைக் கிழிக்கும். கூர்க்குறட்டால் இழுத்து எடுத்தாலொழிய எந்தத் திரவமும் நிற்காது. மாரியில் இது இன்னும் கூடும்: நனைந்த ரப்பரைக் கூரான பொருள் எளிதாக வெட்டும், தண்ணீருக்குள் கிடக்கும் முள் கண்ணுக்கும் தெரியாது.

முள் இல்லையென்றால் பாரத்தைக் கவனியுங்கள். பின்சீட்டில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாள் அளவுக் காற்றில் ஓடினால் டயர் அதிகம் நெளியும், துளை வாய் திறக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் பாரத்துக்கென்று வேறு அளவு இருக்கும், அதையே அடியுங்கள்.

இரண்டாம் முறையும் கசிந்த துளைக்குச் சீலன்டை நம்பாதீர்கள். ரப்பர்த் திரி குத்துவது இடைக்காலத்துக்கு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவதுதான் நிலையானது.

அறிகுறி: ஊற்றிய பிறகு ஹேண்டில் உதறுகிறது, சில்லு துடிக்கிறது

எந்த வேகத்தில், எப்போது என்று முதலில் கவனியுங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

புறப்பட்ட முதல் ஒன்றிரண்டு கிலோமீற்றர் மட்டும் உதறிப் பிறகு நின்றால், நிறுத்தி வைத்தபோது திரவம் அடியில் தேங்கியது. 40க்குள் ஓடிச் சூடாக்கினால் பரவிவிடும். தினமும் இப்படி என்றால் அளவு கூடிவிட்டது.

20 முதல் 40 வேகத்தில், தூக்கிப் போடுவது போல் இருந்தால் அது பேலன்ஸ் கோளாறே அல்ல. ரிம் நெளிவு, டயர் விளிம்பு சரியாக உட்காராமை, அல்லது டயரின் உள்நூல் பிரிந்து புடைத்தல். சில்லைத் தூக்கிச் சுழற்றி, ஒரு சோக் கட்டியை அசையாமல் டயருக்கருகே பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வட்டம் கெட்டிருக்கிறது. புடைப்புக் கண்ணில் பட்டால் அந்த டயரில் இனி ஓட வேண்டாம்.

60க்கு மேல் தொடங்கி, 70 – 90இல் உச்சமாகி, அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் ஏ4 வீதி போன்ற நேர்ப்பாதையில் மட்டும் தெரிந்தால், அதுதான் பேலன்ஸ் கோளாறு. 17 அங்குலச் சில்லில் 30 கிராம் சீலன்ட் ஒரே இடத்தில் கட்டியாக ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது சில்லை வெளியே இழுக்கும் விசை சுமார் நாலரைக் கிலோ எடைக்குச் சமம். 40 வேகத்தில் அதே கட்டியின் இழுப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஊருக்குள் தெரியாத உதறல் வெளி வீதியில் தெரிவது இதனால்தான்.

"திரவம் தானே பேலன்ஸ் செய்யும் என்கிறார்களே?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பாதி உண்மை. சஸ்பென்ஷனில் தொங்கும் சில்லுக்கு, அது மிக அதிகம் துடிக்கும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்கு மேலே சில்லு தன் எடை மையத்தைச் சுற்றிச் சுழல முனையும்; அப்போது பாரம் குறைந்த பக்கம் வெளியே தள்ளப்படும், தடையின்றி ஓடும் திரவம் அந்தப் பக்கம் சேர்ந்து குறையை ஓரளவு ஈடுசெய்யும். அந்த வேகத்துக்குக் கீழே நடப்பது நேர்மாறு: பாரம் கூடிய பக்கம் வெளியே போகும், திரவமும் அங்கேயே போய்ச் சேர்ந்து உதறலைக் கூட்டும். இதிலும் துளையை அடைக்க வேண்டிய சீலன்ட் தடித்ததாக, ஒட்டும் தன்மையுடன் இருக்க வேண்டும். ஓடிப்போய் ஈடுசெய்ய வேண்டிய திரவமோ மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரே போத்தல் இரண்டையும் நன்றாகச் செய்வது கடினம். கார் டயர் அகலமானது. அதன் உள்ஓரத்துக்கும் வெளிஓரத்துக்கும் இடையிலான எடை வித்தியாசத்தைத் திரவம் தீர்க்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் ஈயத் துண்டு போட்டுப் பேலன்ஸ், பிறகு சீலன்ட். மாற்றிச் செய்தால் பேலன்ஸ் இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு இலக்கம் காட்டும், உள்ளே திரவம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால்.

மோட்டார் சைக்கிள் சில்லை இயந்திரம் இல்லாமலும் பார்க்கலாம். சீலன்ட் ஊற்றும் முன்னர் சில்லைக் கழற்றி, அச்சை இரண்டு சமமான தாங்கிகளில் வைத்து மெதுவாகச் சுழற்றி விடுங்கள். நிற்கும்போது அடியில் வரும் இடம்தான் பாரமான பக்கம். மூன்று முறையும் அதே இடம் வந்தால், அதற்கு நேரெதிரே ரிம்மில் 5 கிராம் ஈயத்தை ஒட்டி மறுபடி பாருங்கள். எந்த இடத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை 5 கிராமாகக் கூட்டுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது பாரம் குறைந்த இடம். வால்வுக்கு நேரே வரும்படி டயரை ஏற்றினால் தேவைப்படும் ஈயம் குறையும். சீலன்ட் உள்ளே இருக்கும்போது இந்தச் சோதனை பயன்படாது. திரவம் எப்போதும் அடியிலேயே நிற்பதால் பொய் விடை வரும்.

ஊற்றிய பிறகுதான் உதறல் வந்தது, ஓடியும் போகவில்லை என்றால் டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள். கட்டி பிடித்திருந்தால் உரித்து எடுத்து, தண்ணீரால் கழுவி, உலர்த்தி, பேலன்ஸ் பார்த்து, புதிதாக ஊற்றுங்கள்.

அறிகுறி: காற்று ஏறவில்லை, கேஜ் பூச்சியம் காட்டுகிறது

வால்வு அடைத்துவிட்டது. வால்வை மேலே, 12 மணி இடத்துக்குத் திருப்பி ஐந்து நிமிடம் விட்டு, ஊசியைக் கழற்றிப் புதிது போடுங்கள். இனிமேல் காற்று பார்ப்பதும் அடிப்பதும் இந்த நிலையிலேயே இருக்கட்டும். வால்வு அடியில் இருக்கும்போது கேஜை அழுத்தினால் திரவம் கேஜுக்குள் ஏறி அதையும் கெடுத்துவிடும்.

அறிகுறி: டியூப் டயர், ஊற்றியும் பயன் தெரியவில்லை

டியூபில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெருஞ்சி முள், சிறு முள் அடைபடும். சைக்கிளுக்கு இது உண்மையிலேயே நல்ல துணை. ஆனால் டியூப் இழுபட்ட ரப்பர். ஆணி உள்ளே நின்றபடி ஓடினால் துளை கிழிசலாகிவிடும். கம்பிச் சில்லில் கம்பியின் தலை குத்திய ஓட்டை ரிம் பக்கம் இருக்கும். திரவமோ எதிர்ப்பக்கம் வீசப்படும். அதற்கு ரிம் நாடாவை மாற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அரத்தால் தேய்க்க வேண்டும். அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவோடு குழியில் விழுந்து ரிம்முக்கும் தரைக்கும் இடையில் டியூப் நசுங்கியது; டியூபை மாற்றுங்கள். உழவு இயந்திரத்தின் பின்சில்லில் பாரத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தால் சீலன்ட் அதில் கரைந்து வீணாகும்.

அறிகுறி: கடையில் போட்ட ஒட்டு நிற்கவில்லை

உள்ளே சீலன்ட் படலம் இருக்கும்போது பசை பிடிக்காது. கிளைக்கோல் வகையைத் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவலாம். லேடெக்ஸை விரலால் உரித்தெடுக்க வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகு அந்த இடத்தைச் சுரண்டி, பசை தடவி, பசை ஒட்டாத அளவு காய்ந்தபின் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். டயர் கடைக்குப் போனதும் வேலை தொடங்க முன்னரே "உள்ளே சீலன்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவசர டின் அடித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: சிலவற்றில் தீப்பற்றும் வாயு உண்டு. சூடான ஒட்டு இயந்திரமோ வெல்டிங் பொறியோ கிட்ட வரமுன்னர், காற்றை வெளியிடத்தில் முழுதாக விட்டு, மறுபடி அடித்து, இரண்டாம் தடவையும் விட்டுவிட வேண்டும்.